விளக்கெண்ணெய் விமானங்கள்

பேதிக்குக் கொடுப்பார்கள், தலையில் தேய்ப்பார்கள், ஒன்றுக்கும் உதவாதவனை அதன் பெயர் சொல்லித் திட்டுவார்கள். விளக்கெண்ணெய்க்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை அவ்வளவுதான். மாதிரி விமானம் பறக்கவிடும் மைதானங்களில் நிலைமை வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி அலறும். அதன் புகைக்குழாயிலிருந்து வெளுத்த புகையும் எண்ணெய்த் துளிகளும் தெறித்து, இறக்கை, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் படியும். கருகிய விளக்கெண்ணெயின் அந்த வாசனையை முகர்ந்து வளர்ந்தவர்களுக்கு அது ஊதுபத்தி மாதிரி.

அங்கே கூடுகிறவர்கள் எதில் ஒத்துப்போனாலும் எண்ணெய் விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. ஒரு கோஷ்டிக்கு விளக்கெண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. இன்னொரு கோஷ்டிக்கு அது பாட்டி காலத்துச் சங்கதி. ரசாயன ஆலையில் தயாராகும் சுத்தமான செயற்கை எண்ணெய் இருக்கும்போது இந்தப் பிசுக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி. வேடிக்கை பார்ப்பவருக்கு இது வேலையற்றவர்களின் சண்டையாகத் தெரியலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு எஞ்சின் வாங்கியவருக்கு அப்படித் தெரியாது.

காரில் எண்ணெய்க்கென்று அடியில் தனி இடம் உண்டு. அதே எண்ணெய் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். இந்தக் குட்டி எஞ்சின்களில் அந்த வசதி இல்லை. பழைய ஸ்கூட்டர்களில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றியது நினைவிருக்கலாம். அதே ஏற்பாடுதான், ஆனால் அளவு வேறு. ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு ஒரு சின்ன மூடி போதும். இவற்றுக்கோ எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். மற்றதில் பெரும்பகுதி மெத்தனால். சக்தியைக் கூட்ட 5 முதல் 15 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன் சேர்ப்பவர்களும் உண்டு. மெத்தனாலோடு சாதாரண மோட்டார் எண்ணெய் கலக்காது, அடியில் தனியே தங்கிவிடும். விளக்கெண்ணெய் கலக்கும். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இல்லாத இந்தக் குணத்தை அதற்குக் கொடுத்திருப்பது ரிசினோலிக் அமிலம். விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். ஆல்கஹாலோடு சேரவும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளவும் அதற்கு வசதியான அமைப்பு.

இந்தப் பற்றுதலை நம்பி மனிதர்கள் உயிரையே ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போர்க்காலத்து விமானங்கள் பலவற்றில் சிலிண்டர்களே விசிறியோடு சேர்ந்து சுழலும் எஞ்சின்கள் இருந்தன. பெட்ரோலும் காற்றும் எண்ணெய் இருக்கும் பகுதி வழியாகவே போகும். கனிம எண்ணெயாக இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெய்தான் தாக்குப்பிடித்தது. உள்ளே போன எண்ணெய் முழுதும் புகையோடு விமானியின் முகத்தை நோக்கி வந்தது. மணிக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டது என்பது பற்றி விமானப் படைகளில் கதைகள் ஏராளம். ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக், 1917-ல் அப்படிப்பட்ட எஞ்சின் பொருத்திய சாப்வித் கேமல் விமானத்தில்தான் பெல்ஜியத்தின் மேல் பறந்து காலில் குண்டு பட்டார். பிழைத்து வந்து, சுதந்திர இந்தியாவின் தூதராகவும் இருந்தார். 1909-ல் சந்தைக்கு வந்த காஸ்ட்ரால் என்ற பெயரிலும் ஒளிந்திருப்பது ஆமணக்குதான். ஆங்கிலத்தில் அதற்குக் காஸ்டர்.

பெரிய எஞ்சின்கள் வேறு எண்ணெய்களுக்கு மாறிவிட்டன. குட்டி எஞ்சின்கள் மாறவில்லை. கம்பி பிடித்துச் சுழற்றும் வேகப் பந்தயங்களுக்கு நெடுங்காலம் 80 பங்கு மெத்தனாலுக்கு 20 பங்கு விளக்கெண்ணெய் என்றே எரிபொருள் கலந்து கொடுத்தார்கள். கல்கத்தாவில் தயாரான அரோரா போன்ற குட்டி டீசல் எஞ்சின்களுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம அளவு. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து மாதிரி விமானம் கட்டப் பழகியவர்களில் பலருக்கு முதல் அறிமுகம் இந்த வாசனைதான்.

செயற்கை எண்ணெய்க்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது மெல்லியது, எஞ்சின் இழுவையில்லாமல் சுற்றும். வட இந்தியாவின் டிசம்பர் காலையில் விளக்கெண்ணெய் தேன்போல் தடித்து நிற்கும்போது, செயற்கை எண்ணெய் கலந்த எஞ்சின் சுலபமாகக் கிளம்பும். பிஸ்டன் தலையில் கரி பிடிக்காது. பறந்து முடித்ததும் இறக்கையை ஒரு துணியால் துடைத்தால் போதும். விளக்கெண்ணெய் அப்படியா? சூட்டில் பழுப்பாகி, அரக்குப் போல் ஒட்டி, பிஸ்டன் வளையத்தை அதன் பள்ளத்திலேயே சிறைவைத்துவிடும்.

இந்த அரக்குக் குணம்தான் அதன் பலமும். எரிபொருளை அளந்து விடும் ஊசியை ஒரு சுற்று அதிகமாக மூடிவிட்டால் எண்ணெயும் மெத்தனாலும் குறைந்து காற்று மிஞ்சும். எஞ்சினைக் குளிரவைப்பதே அந்த மெத்தனால்தான். அது குறைந்தால் சூடு மளமளவென்று ஏறும். பழைய வகைச் செயற்கை எண்ணெய் அந்தச் சூட்டில் எரிந்து காணாமல் போகும். பிறகு உலோகத்தோடு உலோகம். விளக்கெண்ணெயோ, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துத் தடித்து, அந்த நிமிடத்திலும் ஒரு படலமாகச் சுவரில் நிற்கும். கரியாகி எஞ்சினை அழுக்காக்கும், ஆனால் தேயவிடாது.

ஊசியை ஒழுங்காக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஊசி சரியாக இருந்தாலும் எரிபொருள் குழாயில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழலாம். தொட்டியில் நுரை கட்டலாம். தொட்டி காலியாகும் கடைசி விநாடிகளில் எல்லா எஞ்சினுமே காற்றைத்தான் குடிக்கிறது.

பெங்களூரின் ஜாலஹள்ளிப் பகுதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விமானப் படைத் தொழில்நுட்பர் ஒருவர் இதைச் சுருக்கமாகச் சொல்வார். புதிதாகச் சேர்ந்த மென்பொருள் இளைஞர் ஒருவர் 7.5 சிசி எஞ்சினும் முழுக்கச் செயற்கை எண்ணெய் கலந்த எரிபொருளும் கொண்டுவந்தார். பெரியவர் டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஊசியை ஒழுங்கா வெக்கிற வரைக்கும் இது நல்ல எண்ணெய். தப்பு பண்ற அன்னிக்குதான் என் எண்ணெய் வேணும்" என்றார். இளைஞர் சிரித்தார். "தப்பு பண்ணலேன்னா வேண்டாமே சார்?"

மூன்று மாதம் தப்பே நடக்கவில்லை. அவர் கவனமானவர். விமானத்தின் மூக்கை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, எஞ்சினின் சுருதி தளர்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதித்துவிட்டுத்தான் விடுவார். நான்காம் மாதம் ஒரு காலையில் உயரே போன எஞ்சினின் குரல் திடீரென்று கீச்சென்று ஏறி, பிறகு தொய்ந்தது. கீழே நின்றவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது. விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தபோது அழுத்தமே இல்லை. பிஸ்டனில் நெடுக்குவாக்கில் கீறல்கள், இணைப்புத் தண்டின் கீழ்ப்புறத்தில் ஆட்டம். கிழிந்த குழாய் முக்கால் அங்குலம்தான் இருக்கும். பெரியவர் அன்றைக்கு எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரையாவது எச்சரிக்கையாக இருக்கச் சொல்ல, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்பார்கள். எஞ்சினில் விடாதவர்கள்தான் அதைக் கண்ணில் விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு: ஈரம். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெய்களும் இழுக்கும். நைட்ரோ எரிந்தால் அமிலமும் மிஞ்சும். மும்பையிலோ கொச்சியிலோ மழைக்காலத்தில் இரண்டு வாரம் சும்மா வைத்த எஞ்சினின் பேரிங்குகளில் துரு பூத்துவிடும். விளக்கெண்ணெய்ப் படலம் அதற்கு நல்ல போர்வை.

விலையும் அதன் பக்கம்தான். உலகச் சந்தைக்குப் போகும் ஆமணக்கு எண்ணெயில் பெரும்பகுதி இந்தியாவுடையது. அதில் பெரும்பகுதி பனாஸ்காண்டா, மேசாணா, கட்ச் என்று குஜராத்தின் வறண்ட மாவட்டங்களில் விளைவது. வணிகரீதியான உலகின் முதல் வீரிய ஒட்டு ஆமணக்கு, ஜி.சி.எச்-3, 1968-ல் அங்கேதான் வெளியானது. வெளிநாட்டுப் புட்டியில் மெருகோடு வரும் பந்தய விளக்கெண்ணெயும் அநேகமாகப் பாலன்பூர் பக்கத்து வயலைப் பார்த்ததாகவே இருக்கும். ஆனால் கூந்தலுக்கென்று விற்கும் வாசனைப் புட்டியோ, கிராமத்தில் வறுத்துக் காய்ச்சிய எண்ணெயோ எஞ்சினுக்கு ஆகாது. பிசின் நீக்கிய வெளிர் எண்ணெய் வேண்டும். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் மெத்தனாலோடு குலுக்கி வைத்தால் தெளிந்தே நிற்க வேண்டும். கலங்கினால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது அல்லது தண்ணீர் இருக்கிறது. குலுக்கும்போது கையுறை அவசியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். பல மாநிலங்களில் உரிமம் இல்லாமல் அதை வாங்கவும் முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஜாலஹள்ளிப் பெரியவரின் தகரப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். மனைவியின் உடல்நலக் குறைவால் நான்கு வருடம் மைதானம் பக்கமே வராத அவர், திரும்பி வந்து தன் பழைய எஞ்சினை எடுத்தபோது அது கல்லாக உறைந்திருந்தது. "சார், பிசினா இறுகியிருக்கே, இதுதான் காப்பாத்துற எண்ணெயா?" என்று இளைஞர் கேட்டதில் கொஞ்சம் பழைய கணக்கும் இருந்தது. பெரியவர் சுத்தியலைத் தொடவில்லை. மகளின் கூந்தல் உலர்த்தியை வாங்கிச் சிலிண்டரைச் சூடாக்கினார். ஐந்து நிமிடத்தில் விசிறி நெகிழ்ந்தது. கழற்றிப் பார்த்தால் வளையம் கரியில் ஒட்டியிருந்தது. பேரிங் பளபளவென்று இருந்தது. கரியைப் போக்க, ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பானில் எஞ்சினை மெதுவான சூட்டில் ஊறவைப்பது பலர் கையாளும் வழி. அந்தத் திரவம் விஷம். பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குள் கொண்டுபோகக் கூடாது, அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது இருவருடைய டின்களிலும் இரண்டு எண்ணெயும் இருக்கின்றன. இளைஞர் நாலு பங்கு செயற்கை எண்ணெய்க்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் என்கிறார். பெரியவருக்குச் சரிபாதி. பித்தளைச் சிலிண்டரில் குரோம் பூசிய நவீன எஞ்சின்களுக்கு இளைஞரின் கணக்கு போதும். எஃகுச் சிலிண்டரில் வார்ப்பிரும்புப் பிஸ்டன் ஓடும் பழைய எஞ்சின்களுக்கும், பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ் உள்ளவற்றுக்கும் பெரியவரின் கணக்கே குறைவு. அவற்றுக்கு விளக்கெண்ணெயில் கை வைக்காமலிருப்பது உத்தமம்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. ஆனாலும் வீடு காலி செய்யும்போது பரணில் தாத்தாவின் பெட்டிக்குள் துணியில் சுற்றிய குட்டி எஞ்சின் ஒன்று கிடைப்பது உண்டு. சுற்றிப் பார்த்தால் அசையாது. அதை இடுக்கியால் முறுக்க வேண்டாம். வெயிலில் வைத்து, மெத்தனாலோ அசிட்டோனோ நாலு சொட்டு விட்டு, சூடு காட்டிக் காத்திருக்கலாம்.