பனங்கொட்டையும் மொட்டைமாடியும்

உடன்குடி,
புரட்டாசி 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பஸ்ஸில் போட்டுவிட்ட பனம்பழம் வந்து சேர்ந்திருக்கும். அந்த வாசனைக்கு உன் வீட்டுக்காரி அழுகல் என்று குப்பையில் கொட்டிவிடப் போகிறாள், முதலிலேயே சொல்லிவை.

எல்லாம் கிணற்றடிப் பனையில் தானாக விழுந்தது. நுங்குக்கு ஆள் வந்தபோதே அந்த மரத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். நுங்கு வெட்டிய குலையில் ஆவணிக்குப் பழம் ஏது? விடியுமுன் போய்ப் பொறுக்கினேன். பிந்தினால் மாடு சப்பிப் போட்டுவிடும். பழத்தைப் பிய்த்தால் உள்ளே மூன்று கொட்டை, சிலதில் இரண்டுதான். நாரோடு மல்லுக்கட்டாதே. நிழலில் குவித்துப் போடு, சதை தானே காய்ந்துவிடும்.

மாடித் தொட்டியில் வைக்கப் போகிறேன் என்றாயே, அது வேண்டாம். பனங்கொட்டை மற்ற விதை மாதிரி மேலே எட்டிப் பார்க்காது. முளை கொட்டையை விட்டு வெளியே வந்து நேரே பூமிக்குள் இறங்கும். கன்றின் உயிரே அந்த முளையின் நுனியில்தான். கீழே கிழங்கு கட்டிய பிறகுதான் குருத்தோலை மேலே வரும். தொட்டியில் வைத்தால் அடியில் முட்டி வளைந்துபோகும். மாசக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைத்திருக்கிறதா என்று தோண்டினாயோ, முறித்துவிடுவாய். உன் பொறுமைதான் எனக்குத் தெரியுமே.

மரம் வேண்டுமென்றால் செங்கல்பட்டு மனையில், வேலியோரமாகப் பத்தடிக்கு ஒன்று, ஒரு சாண் ஆழத்தில் ஊன்று. கொட்டை எப்படிக் கிடந்தாலும் முளை கீழே திரும்பிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இல்லை. பிடுங்கி வேறிடத்தில் நடலாம் என்று மட்டும் நினைக்காதே, வேர் அறுந்தால் பிழைப்பது கஷ்டம். ஆணா பெண்ணா என்பது பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷமாவது ஆகும். அதனால் நாலைந்தாவது போடு. வீடு கட்டப்போகிற இடத்தை விட்டுத் தள்ளியே போடு. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

மிச்சக் கொட்டையைக் கிழங்குக்குப் போடு. கொல்லையில் மணலை இடுப்பளவு மேடாகக் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் தூவித் தண்ணீர் தெளி. மேடாக இருந்தால் கிழங்கு நேராக இறங்கும், பிடுங்குவதும் சுலபம். கட்டாந்தரையில் போட்டால் கடப்பாரைதான் எடுக்க வேண்டும். தை பிறந்ததும் கலைத்துப் பார். மஞ்சளும் உப்பும் போட்டு அவி.

கிழங்கை ஒடித்த கையோடு கொட்டையைத் தூக்கி எறியாதே. அரிவாளால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகத் தவுன் இருக்கும், பஞ்சு மாதிரி, இனிப்பாக. சின்னவளுக்குக் கொடு. ரொம்பவும் கொடுத்துவிடாதே, வயிறு மந்தமாகிவிடும்.

மற்றவை போனில்.

இப்படிக்கு,
அக்கா