ஐந்தரை மணித்தியாலத் தூரம்

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் தரைவழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று இரவு பஸ்ஸில் போனால் ஏழு, எட்டு மணித்தியாலம் எடுக்கும். கட்டுநாயக்கவிலிருந்து குவைத் விமான நிலையமோ சுமார் 4,100 கிலோமீற்றர். அரபிக் கடலைத் தாண்டி நேரடி விமானம் ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் சகோதரிகளோடு இந்தப் பாதையில் நான் பலமுறை பயணித்திருக்கிறேன். "எவ்வளவு தூரம் மிஸ்?" என்று கேட்காதவர்கள் குறைவு. கிலோமீற்றரைச் சொன்னால் முகத்தில் பயம் தெரியும். மணித்தியாலத்தைச் சொன்னால், "அவ்வளவுதானா?" என்று ஆறுதல் அடைவார்கள்.

விமானச்சீட்டு இன்னும் குழப்பும். மாலை 6.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 9.00 மணிக்குக் குவைத் சேரும் என்றிருந்தால், பயணம் மூன்று மணித்தியாலம் என்று நினைத்துவிடக் கூடாது. சீட்டில் இருப்பது அந்தந்த நாட்டு நேரம். குவைத்தின் கடிகாரம் எமது கடிகாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது.

திரும்பி வருகையில் கணக்கு மாறும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று விமானத்தைத் தள்ளிவிடுவதால், வரும் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறுகியது. இரவு 10.00 மணிக்கு அங்கு புறப்பட்டால், ஐந்து மணித்தியாலப் பயணத்தின் பின் இங்கு இறங்கும்போது அதிகாலை 5.30; திகதியும் மாறியிருக்கும். புறப்படும் திகதியை மட்டும் பார்த்து ஒரு நாள் முன்னதாகவே வந்து, கைக்குழந்தையோடு வாசலில் காத்திருந்த குடும்பத்தைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான தூரத்தை விமானம் அளப்பதில்லை. அந்த இரண்டரை மணித்தியாலம்தான் அளக்கிறது. இங்கே பிள்ளை இரவு 8.30க்கு நித்திரைக்குப் போகும்போது அங்கே மாலை 6.00 மணி. தாய் சமையலறையில் நிற்பாள். அவள் வேலை முடித்து 10.00 மணிக்குத் தொலைபேசியை எடுத்தால், இங்கே நள்ளிரவு 12.30. "அம்மா என்னோடு கதைப்பதில்லை" என்று பிள்ளை நினைக்கிறது. "பிள்ளை என்னை மறந்துவிட்டது" என்று தாய் அழுகிறாள். இருவரிலும் குற்றமில்லை.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு அம்மம்மா, சுவரில் இரண்டாவது கடிகாரமொன்றைக் குவைத் நேரத்துக்குத் திருப்பி மாட்டியிருக்கிறார். "உம்மட அம்மா இப்ப சமைக்கிறா, இப்ப சாப்பிடுறா" என்று பேரனுக்குக் காட்டுவார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

வெளிநாடு செல்லும் சகோதரிகளே, போகுமுன் வீட்டாரோடு அமர்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். பாடசாலை விட்டு வந்த பின் 2.00 மணி என்றால் அங்கே முற்பகல் 11.30. வேலை வீட்டில் வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் கதைக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு, ஊருக்கு அறிவியுங்கள். கடவுச்சீட்டின் பிரதியோடு அந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளை அந்த நேரத்துக்குக் காத்திருக்கும்.