வாத்துக்கு அலகு உருளைக்கிழங்கு சிப்ஸ்!

சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ ஒரு சனிக்கிழமை மதியம், ஏதாவது பூங்கா வழியாக நடந்து பாருங்கள். மரக்கிளையில் பலூன்கள் ஆடும். பொது அடுப்பில் யாரோ சாசேஜ் வாட்டிக்கொண்டிருப்பார்கள். வெண்ணெய் தடவிய பிரெட்டில் வண்ணச் சர்க்கரை மணிகள் தூவிய 'ஃபேரி பிரெட்' தட்டுத் தட்டாகக் காலியாகும். ஆனால், குழந்தைகளின் கண்ணெல்லாம் மேஜையின் நடுவில்தான். அங்கே ஒரு ரயில் நிற்கும், அல்லது மஞ்சள் வாத்து உட்கார்ந்திருக்கும். எதுவானாலும் கேக்!

இந்த வழக்கம் ஊரெல்லாம் பரவியதற்கு ஒரு புத்தகம் முக்கியக் காரணம். 'தி ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' 1933-ல் தொடங்கிய பத்திரிகை. பிறகு மாத இதழாகிவிட்டாலும், பெயர் இன்றும் 'வீக்லி'தான். குழந்தைகளின் பிறந்தநாள் கேக்குகளுக்காகவே 1980-ல் அது ஒரு புத்தகம் வெளியிட்டது. உருவாக்கியவர்கள் மேரியான் பிளாக்கர், பமீலா கிளார்க். உள்ளே நூறுக்கும் மேற்பட்ட கேக்குகள். அட்டைப்படத்தில் பாப்கார்ன் ஏற்றிய ரயில்!

பேக்கரி பயிற்சி எதுவும் இல்லாத அம்மாவும் இதைச் செய்யலாம் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். கேக்குக்கு பாக்கெட் மாவே போதும். அலங்காரத்துக்கு வேண்டியதெல்லாம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். வாத்தின் அலகுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ். நீச்சல்குளத்தின் தண்ணீருக்கு ஜெல்லி, சுற்றுச்சுவருக்கு நீளமான சாக்லேட் பிஸ்கட். உலர்ந்த தேங்காய்த்துருவலில் பச்சை நிறம் கலந்தால் புல்தரை ரெடி.

அங்குள்ள பல வீடுகளில் பிறந்தநாள், தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். குழந்தை தரையில் படுத்து, புத்தகத்தைப் புரட்டும். நேற்று ரயில், இன்று கோட்டை, நாளை வாத்து என மனசு மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு தப்பிக்க வழியில்லை!

முதல் நாள் ராத்திரி, குழந்தைகள் தூங்கிய பிறகுதான் பெற்றோருக்குச் சோதனை. வாத்தின் தலை சாயும். ஜெல்லி கசியும். 'ப்ளூயி' கார்ட்டூன் பார்க்கும் நம் வீட்டுக் குட்டிகளுக்கும் இது தெரிந்திருக்கும். 'டக் கேக்' என்றே அதில் ஒரு கதை உண்டு. மகளின் பிறந்தநாளுக்கு வாத்து கேக் செய்ய அப்பா படும் பாட்டைப் பார்த்து, ஆஸ்திரேலியப் பெற்றோர்கள் தங்களையே பார்த்ததுபோல் சிரித்தார்கள்.

இப்போது அங்கேயும் ஆர்டர் கொடுத்தால், ஃபாண்டன்ட் போர்த்திய பளபளப்பான கேக் வீட்டுக்கே வந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. அதில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும், சுவரில் ஏறி நிற்கும் கோணல் ரயில்களுக்கு அங்கே இன்னும் மவுசு குறையவில்லை. வளர்ந்த பிள்ளைகள் பழைய ஆல்பத்தைத் திறந்தால், "இதைச் செய்ய அம்மா எத்தனை மணிவரைக்கும் முழிச்சிருந்தாங்க தெரியுமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது.

நீங்களும் முயற்சி செய்யப்போகிறீர்களா? கேக்கை முதல் நாளே செய்து ஆறவிடுங்கள். சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து வெட்டினால் அதிகம் உதிராது. முதலில் க்ரீமை மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, அதன்மேல் இரண்டாவது பூச்சு பூசுங்கள். தூள்கள் மேலே வராது. சிப்ஸ் அலகை மட்டும் கடைசி நிமிடத்தில் செருகுங்கள். இல்லாவிட்டால் நமத்துப்போகும்!

ஆனால், எந்தக் கேக் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது பிறந்தநாள் குழந்தையின் உரிமை.