பெற்றோர் கேட்கும் வினா

கரிசல் மண்ணில் மழை பொய்த்தாலும் பெற்றோரின் கல்வி வேட்கை பொய்ப்பதில்லை. கடம்பூர் வட்டாரத்தில் வானம் பார்த்த நிலத்தில் பருத்தியும் உளுந்தும் விதைப்போரும், தீப்பெட்டித் தொழிலில் உழைப்போரும் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றே: “சார், பிள்ளைய அரசுப் பள்ளியிலயே சேக்கட்டுமா, இல்ல வேன்ல அனுப்பட்டுமா?”

இவ்வினாவை இகழ்தல் தகாது. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை, ஓராசிரியரே பல வகுப்புகளைப் பார்க்கிறார் என்பன அவர்தம் குறைகள். அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்த பின்னரும் ஐயம் முற்றிலும் அகலவில்லை.

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் நமக்கு அண்மையில் உள்ளதே. அன்று பிள்ளைக்குச் சோறு தேவைப்பட்டது; இன்று பெற்றோர்க்கு நம்பிக்கை தேவைப்படுகின்றது.

நம் அத்தா எழுதப் படிக்க அறியார். ஆயினும் மாதந்தோறும் அரசுப் பள்ளிக்கு வந்து, “பய எப்படிப் படிக்கான்?” என்று ஆசிரியரிடம் கேட்பார். அக்கேள்விக்கு அஞ்சியே நாம் படித்தோம். ஆசிரியரும் நம்மைத் தனியே கவனித்தார். அக்கேள்வியை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உரிமையாகவே ஆக்கியுள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி.

வேன் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியிலேதான் இருக்கும். கேட்கத் தெரிந்த பெற்றோர் அனைவரும் விலகிச் சென்றுவிட்டால், அப்பிள்ளைக்காகக் கேட்பவர் யார்? பெரியோர்களே, சிந்திப்போமாக!