குப்பைத்தொட்டியில் ஒரு ஊசி

பி.காம் படிக்கிறவன் எதுக்கு மருத்துவக் கழிவு பத்தி எழுதறான்னு கேக்காதீங்க. எங்க விடுதி அறைக் குப்பைத்தொட்டிதான் காரணம்.

என் அறை நண்பனுக்குச் சின்ன வயசுலேருந்தே சர்க்கரை. தினமும் நாலு தடவை இன்சுலின். போட்ட ஊசியை மூடி, பேப்பர்ல சுத்தி தொட்டியில போட்டுடுவான். நானும் கண்டுக்கிட்டதில்லை.

போன மாசம் குப்பை எடுக்க வந்த அக்கா பையை அமுக்கிக் கட்டினாங்க. மூடி கழண்ட ஒரு ஊசி விரல்ல ஏறிடுச்சு. "ஒண்ணுமில்ல தம்பி, முள்ளு குத்தின மாதிரிதான்"னு விரலை வாயில வச்சுக்கிட்டாங்க. எங்களுக்கும் என்ன பண்றதுன்னு தெரியலை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் எங்களைத்தான் திட்டினார். குத்தின உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவணுமாம். பிதுக்கக் கூடாது, வாயில வைக்கவே கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு அக்காவைக் கேட்டார். அப்படி ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. பல வருஷமா குப்பை அள்றவங்க!

நண்பனோட ரத்தத்தையும் சோதிச்சாங்க. ஒண்ணும் இல்லை. ஆனா முடிவு வர்ற வரைக்கும் அவன் சரியா சாப்பிடலை. அக்காவுக்கு அன்னிக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2016-ல வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி ஊசி, பிளேடு எல்லாம் குத்தினா ஓட்டை விழாத வெள்ளை நிற டப்பாவுல போகணும். கல்வி நிறுவனங்கள், ரத்த தான முகாம்கள் எல்லாம் இந்த விதிகளுக்குள்ள வருது. ஆனா விடுதி அறைக்குள்ள ஒரு மாணவன் போட்டுக்கிற ஊசியை எங்க யாரும் நினைச்சுப் பாக்கலை.

நாலு ஊசின்னா வருஷத்துக்கு 1,460. ஒரே ஒரு மாணவனுக்கு!

இப்போ எங்க அறையில திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் கேன் ஒண்ணு இருக்கு. மேல பெருசா 'ஊசி'ன்னு எழுதியிருக்கோம். முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடி, டேப் ஒட்டி அதே ஆஸ்பத்திரியில கொடுத்துடறோம். வாங்கிக்குவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கிட்டோம். செலவு? காலி கேன்தான், ஒண்ணும் இல்லை.

செலவைக் கணக்கு போடத்தான் எங்களுக்கு மூணு வருஷம் சொல்லித் தர்றாங்க. நாம போடாத ஒரு டப்பாவோட செலவு அக்காவோட விரல்ல போய் விழுந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை.

உங்க விடுதியிலயும் யாராவது ஊசி போட்டுக்கிறவங்க இருப்பாங்க. இன்னிக்கே ஒரு கேன் வாங்கி வைங்க.

அக்கா இப்பல்லாம் எந்த அறைப் பையையும் அமுக்கிக் கட்டறதில்லை.