கோர்வைக்கு ஆள் வேணும்!

ஐயம்பேட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னால், "அடடே, தஞ்சாவூர் பக்கமா?" என்பார்கள். அது வேற ஐயம்பேட்டை ஸார். எங்க ஊர் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது. தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். உங்கள் கல்யாணத்தில் மணப்பெண் கட்டியிருந்த பட்டு எங்கள் தெருவில் நெய்ததாகக்கூட இருக்கலாம். பில்லைப் பார்த்து நீங்கள் மயங்கி விழுந்ததற்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை. நெய்தவனுக்குக் கிடைத்தது கூலி மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண்ணுக்கு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஒரு மாதமாக வீட்டில் பார்லிமெண்ட் கூட்டத்தொடர் நடக்கிறது. என் மனைவியின் கட்சி, ஏ.ஸி. பஸ்ஸும் நீச்சல் குளமும் உள்ள இன்டர்நேஷனல் ஸ்கூல். அவர்கள் கேட்ட தொகையைக் காதில் வாங்கிய அப்பா, "இந்தக் காசுக்கு ரெண்டு தறி போடலாமே" என்றார். நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். அதாவது, ஒண்ணாந்தேதிக்கும் பதினேழாந்தேதிக்கும் வித்தியாசம் தெரியாத ஜாதி. அதனால் சபாநாயகர் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் என் நண்பர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். அண்ணன் மகன் படிப்பது 'கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல்' என்ற ரகமாம்.

"மூணாம் கிளாஸ்லயே லத்தீன் சொல்லித் தர்றாங்கப்பா! யாருமே பேசாத பாஷை!"

"அதிலென்ன ஆச்சரியம்? நாம பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சோம். யார்கிட்ட பேசினோம்?" என்றேன்.

ஆனால் உள்ளுக்குள் ஆவல் தொற்றிக்கொண்டது. விசாரித்துப் பார்த்தேன். 1947-ல் டோரதி ஸேயர்ஸ் என்ற துப்பறியும் கதாசிரியை ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பேச்சு பேசினார். பிள்ளைகளுக்குப் பாடங்களைத் திணிக்கிறோம், கற்றுக்கொள்ளும் வித்தையை மட்டும் சொல்லித் தருவதில்லை என்பது அவருடைய புகார். அதற்குப் பழைய ஐரோப்பிய முறையை மருந்தாகச் சொன்னார். சின்ன வயதில் இலக்கணமும் மனப்பாடமும். எதிர்த்துப் பேசும் வயதில் தர்க்கம். மீசை முளைக்கும் வயதில், தெரிந்ததை அழகாக எடுத்துச் சொல்லும் பேச்சுக் கலை. 1981-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற ஊரில் இப்படி ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். (ரஷ்யா இல்லை ஸார், அது வேற மாஸ்கோ. அந்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் கஷ்டம்தான்!) நடுவில் பைபிள், சுற்றிலும் லத்தீனும் பழைய இலக்கியமும். பிறகு அது ஓர் இயக்கமாகவே பரவிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்று தலைகீழாக ஒப்பிக்க வைத்த நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இதைத்தானே செய்தார்? இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டதும் நம் மண்ணில்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்க், முதலில் செய்த காரியங்களில் ஒன்று, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதியது. வாத்தியாராக வந்தவர் மாணவராகச் சேர்ந்தார்!

லத்தீன் ஸ்கூல் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதே இல்லை. ஜி.யு. போப் தெரியுமில்லையா? 1886-ல் திருக்குறளை இங்கிலீஷில் கொண்டுவந்தவர். அவர் அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்தில் ஒரு பள்ளி நடத்தினார். பனைமரத்தடியில் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, கூடவே தமிழ். மனிதர் கண்டிப்பில் கொஞ்சம் ஓவர் என்றும் பெயர். பையன்களுக்கு லத்தீன் மறந்திருக்கலாம், பிரம்பு மறந்திருக்காது.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரி. 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. பையன்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். தமிழ் இலக்கணம், வானசாஸ்திரம், கணிதம், இங்கிலீஷ் என்று ஒன்றையும் விடவில்லை. அங்கே படித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும்தான் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ.க்கள். ஓலைச்சுவடியில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த கலித்தொகையை 1887-ல் அச்சில் ஏற்றியவர் இதே தாமோதரம் பிள்ளை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் சைவரானவர். மிஷன் போட்ட கணக்கு வேறு, வந்த விடை வேறு. 1855-லேயே செமினரியை மூடிவிட்டார்கள். படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்களே என்று அமெரிக்கத் தலைமைக்கு வருத்தம். ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் அன்பர்கள் அவர்களை மன்னிக்கவும்.

இனி எங்கள் ஏரியா. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் ஒரு பள்ளி ஆரம்பித்தார். பிற்காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அதன் கிளை ஒன்று காஞ்சிபுரத்தில் முளைத்தது. ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளி என்று இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது.

ஆண்டர்சனிடம் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். 1838-ல் அவருடைய சென்னைப் பள்ளியில் தலித் பையன்கள் சேர்ந்தார்கள். 'அவர்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம்' என்று மற்றவர்கள் நின்றார்கள். ஆண்டர்சன் அசையவில்லை. ஏகப்பட்ட பேர் போனார்கள். பெஞ்ச் காலியானாலும் பரவாயில்லை, பிரித்து உட்காரவைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

அவர் வந்தது மதத்தைப் பரப்பத்தான். அதை ஒளிக்கவும் இல்லை. 1841-ல் மாணவர்கள் இருவர் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி மறுபடி காலி. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1842-ல் பச்சையப்ப முதலியார் அறக்கட்டளைப் பணத்தில் சென்னையில் பள்ளி திறந்தார்கள். காஞ்சிபுரத்துக்கும் ஒரு பச்சையப்பன் பள்ளி வந்தது. அதில் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர்தான் பின்னால் முதலமைச்சரான அண்ணா. போட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும். நீச்சல் குளத்தின் நீளத்திலா போட்டி?

நான் படித்ததும் காஞ்சிபுரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். பெயர் சொல்ல மாட்டேன். யாராவது போய் என் பழைய மார்க்கைத் தோண்டி எடுத்துவிடுவீர்கள்.

காலையில் ஜெபம். நெற்றி நிறைய விபூதியோடு கண்ணை மூடி 'ஆமென்' சொல்வோம். சாயங்காலம் அதே வாயால் குமரகோட்டத்தில் 'அரோகரா'. ரெண்டு சாமிக்கும் இதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. தமிழ் ஐயா ருத்திராட்சம் போட்ட சைவர். அவர் வீரமாமுனிவரின் தேம்பாவணியை நடத்தினால் சூசையப்பரே வகுப்புக்குள் வந்து நிற்பார். பக்கத்து செக்‌ஷனில் கிறிஸ்தவ வாத்தியார், கச்சியப்பர் குமரகோட்டத்தில் உட்கார்ந்து எழுதிய கந்தபுராணத்தைக் கணீரென்று எடுப்பார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ஞானிகளுக்கும் எங்கள் வீட்டு ஜரிகை அங்கவஸ்திரம். பெத்லகேமுக்குப் போன ஞானிகள் வாலாஜாபாத் வழியாகப் போனது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் பள்ளிக்கூடத்தை நான் அளக்கிற அளவுகோல் இதெல்லாம் இல்லை. அதற்குக் கோர்வை என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பின்னிக் கோத்து நெய்வது கோர்வை. மூன்று நாடா ஓடும். ஒருத்தரால் முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே, பெற்ற பிள்ளை! எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு இதுதான் முக்கியக் காரணம். அப்பாவையும் தாத்தா அஞ்சாம் வகுப்போடு தறியில் உட்காரவைத்தார். அப்பா மட்டும் என்னை உட்காரவைக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு, பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினார். பி.காம். படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது, என் படிப்பு அப்பாவின் பேரேட்டில் பற்றுப் பக்கம் மட்டுமே உள்ள கணக்கு என்று.

என் பெஞ்சில் உட்கார்ந்த எங்கள் தெருப் பையனுக்கு அந்த யோகம் இல்லை. கணக்கில் புலி. ஒன்பதாம் வகுப்பு நடுவில் திடீரென்று வரவில்லை. நான்காவது நாள் கணக்கு வாத்தியார் காஞ்சிபுரத்திலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். வழிகாட்டிப் போனவன் நான்.

"வாங்க சார், உக்காருங்க" என்று பையனின் அப்பா பாயை உதறிப் போட்டார். தறிக் குழிக்குப் பக்கத்தில் நாடாவும் கையுமாக அவன். தலையே நிமிரவில்லை.

"பையன் படிச்சா எனக்குக் கசக்குமா சார்? முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டேன். கோர்வைக்கு ஆள் வேணுமே."

வாத்தியார் எதுவும் பேசாமல் மோர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை ஒரு பஞ்சாயத்து முடிந்தது. பகலில் தறி. ராத்திரி வாத்தியார் வீட்டில் கணக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சையை அவன் பிரைவேட்டாக எழுதி பாஸ் செய்தான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். வாத்தியார் என்ன மதம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மோர் கொடுத்த வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை.

போன வாரம் அவனிடம் என் வீட்டுப் பார்லிமெண்ட் கதையைச் சொன்னேன். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "லத்தீனோ தமிழோ, எதுனா படிக்கட்டும்டா. புள்ள வரலைன்னா தேடிக்கிட்டு வர்ற ஸ்கூலா பாத்துப் போடு."

அவ்வளவுதான். எனக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் நீச்சல் குளம். "எங்க பொண்ணு நாலு நாள் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ரிசப்ஷன் பெண் பளிச்சென்று சிரித்தாள். "ஆப்ல ஆட்டோமேட்டிக்கா மெசேஜ் வந்துடும் ஸார்!"

அடுத்து, காஞ்சிபுரத்தில் ஒரு பழைய மிஷன் பள்ளி. ஓட்டுக் கட்டடம், வேப்பமரம். ஆபீஸில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு வயதான கிளார்க். அதே கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். என் மனைவி வாங்கி எழுத ஆரம்பித்தாள். விலாசம் இருந்த கட்டத்தில் விரலை வைத்து அவர் சொன்னார்:

"இதை மட்டும் புரியற மாதிரி எழுதும்மா. தேடி வரணும் இல்லையா?"