குழியானைக்குச் சிறகு முளைக்கும்

சிறுவயதில் பூச்சி, பறவை என்று திரிந்தவர்களில் பலர், வளர்ந்தபின் அந்த ஆசையே போய்விட்டது என்கிறார்கள். வேலை, குடும்பம், நகர வாழ்க்கை என்று காரணமும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ ஆசை போனதாகத் தோன்றவில்லை. நின்று பார்க்கும் பழக்கம்தான் போயிருக்கிறது. பெரியவர்கள் நடந்தால் போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். நடைப்பயிற்சிக்குக்கூட இத்தனை நிமிடம், இத்தனை அடி என்று கணக்கு உண்டு. நாலு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. பத்தடி போவதற்குள் மூன்று தடவை குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். கூட வருபவரும் நின்றாக வேண்டும், குனிந்தாக வேண்டும். பிள்ளைகளோடு நடக்கையில் பழைய ஆசை துளிர்ப்பதற்கு இந்தக் கட்டாய நிறுத்தமே காரணம்.

குழியானையையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை படாத தாழ்வாரத்து ஓரத்தில், கோயில் வெளிப்பிரகாரத்தில், பொடிமண்ணில் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள் இருக்கும். நின்றபடி பார்த்தால் வெறும் பள்ளம். உட்கார்ந்து பார்த்தால்தான் அடியில் அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள் மட்டும் வெளியே நீட்டிக் காத்திருப்பது தெரியும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும். அது மேலேறப் பார்த்தால் உள்ளே இருப்பது தலையால் மண்ணை வாரி வீசும், எறும்பு மறுபடியும் சறுக்கும். எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். இதுவரை கிராமத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது வெறும் இளம்புழு. மண்ணுக்கடியில் பட்டிழையும் மணலும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டி, பிறகு தும்பியைப் போல நீண்ட சிறகுகளோடு வெளிவந்து இருட்டியபின் பறக்கும். அன்று விளையாடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதனால்தான் பிள்ளையோடு குனிந்து பார்ப்பதைப் பழைய நினைவில் தோயும் சுகம் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. பிள்ளையிடம் நேரம் இருக்கிறது, பெரியவரிடம் வளர்ந்தபின் கற்றது இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், பாதியில் விட்டது மேலே தொடர்கிறது.

‘பெயரே தெரியாதே, பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?’ என்று தயங்குகிற பெற்றோர் உண்டு. பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகுக்குச் சொன்ன ரேச்சல் கார்சன், விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தன் அக்கா மகளின் பிள்ளையோடு அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் மழையிலும் இருட்டிலும் திரிந்ததைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர்களைக் கற்றுக்கொடுப்பதைவிட, பிள்ளையோடு சேர்ந்து வியக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பதே முக்கியம் என்பது அதில் அவர் கட்சி. பெயர்களை அறிந்தவரே இப்படிச் சொல்வதால் அதற்கு எடை அதிகம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்ததும் தும்பியின் வாலில் நூல் கட்டியதும் அன்பா? இல்லை. அந்தப் பகுதியை மீட்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்பதைப் பெரியவர்தான் சொல்லித்தர வேண்டும். நகரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு, சிமெண்ட் தளம் குழியானையின் மண்ணைப் பெரிதும் மூடிவிட்டது. ஆனாலும் காலி மனைகளில் ஊதாப் பூவோடு நிற்கும் வெடிக்காய்ச் செடியின் காய்ந்த காய், ஈரம் பட்டால் இன்றும் படீரென்று வெடிக்கிறது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சென்னைக்குள்ளேதான் இருக்கிறது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ட பறவைகளைக் குறித்து இ-பேர்ட் தளத்தில் பதிவிட்டால் போதும். மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். வரும் பொங்கலுக்கு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே நிற்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.